கோதுமை மணி திரளவும் புரதம் கூடவும் கடைப்பிடிக்க வேண்டிய சாகுபடி முறைகள்

கோதுமை என்றால் பஞ்சாப், அரியானா என்றுதான் நினைக்கிறோம். ஆனால் நீலகிரி, பழனி மலைப் பகுதிகளிலும், மலையடிவாரச் சமவெளிகளிலும் குறைந்த பரப்பில் கோதுமை பயிராகிறது. ரவைக்கும் கஞ்சிக்கும் சம்பா கோதுமையை விரும்பி வாங்குவோர் இருப்பதால், பனிக்காலத்தில் ஒரு ஏக்கர், அரை ஏக்கரில் முயன்று பார்க்கும் விவசாயிகளும் உள்ளனர்.

அப்படி விதைத்த இரண்டு வயல்களை மலையடிவாரக் கிராமம் ஒன்றில் பார்த்தேன். ஒரே விதை, ஒரே அளவு உரம், ஒரே கிணற்றுத் தண்ணீர். ஒருவர் நவம்பர் முதல் வாரத்தில் விதைத்தார். பக்கத்து வயல்காரர் நிலக்கடலை அறுவடை முடியட்டும் என்று காத்திருந்து டிசம்பர் பாதியில் விதைத்தார். இரண்டிலும் கதிர் நன்றாகவே வந்தது. அறுத்துத் தூற்றியபோதுதான் வேறுபாடு தெரிந்தது. முதல் வயலில் மணிகள் குண்டாக இருந்தன. இரண்டாவது வயலில் பாதி மணிகள் வயிறு ஒட்டி, தோல் சுருங்கி இருந்தன. வியாபாரி ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார். கதிர் இருந்தும் எடை இல்லாமல் போனதற்கான காரணத்தையும், அதைத் தவிர்க்கும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

மணி திரள்வது எப்படி?

பூத்து மகரந்தச் சேர்க்கை முடிந்த நாளிலிருந்து மணி முற்றும் வரை உள்ள காலமே மணி நிரம்பும் பருவம். குளிர்ந்த இடத்தில் இது 35 முதல் 40 நாள் வரை நீடிக்கும். வெப்பமான இடத்தில் 25 நாளிலேயே முடிந்துவிடும். இதை மூன்று கட்டமாகப் புரிந்துகொள்ளலாம்.

முதல் கட்டம், பூத்த பிறகு வரும் முதல் 10 முதல் 14 நாட்கள். மணிக்குள் மாவுச்சத்தைத் தாங்கும் செல்கள் அப்போதுதான் பெருகுகின்றன. பாத்திரம் எவ்வளவு பெரியது என்பது இங்கேயே முடிவாகிவிடுகிறது. இந்த நாட்களில் பயிர் வாடினால், பின்னர் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் மணி பெரிதாகாது.

இரண்டாவது கட்டம், பால் பிடித்து மாவாக மாறும் காலம். மாவுச்சத்தும் புரதமும் நாள்தோறும் மணிக்குள் சேர்கின்றன. எடையில் பெரும்பங்கு இப்போதுதான் ஏறுகிறது.

மூன்றாவது கட்டம், மணி கெட்டியாகி ஈரம் வற்றும் காலம். இதில் எடை கூடுவதில்லை.

மாவுச்சத்தும் புரதமும் வெவ்வேறு வழியில் மணிக்குள் வருகின்றன. மாவுச்சத்தின் பெரும்பகுதி, பூத்த பிறகு பச்சையாக இருக்கும் கண்ணாடி இலை, அதற்கடுத்த இலை, கதிர் ஆகியவை அன்றன்று தயாரிப்பது. தண்டில் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையும் ஓரளவு உதவும். புரதத்துக்குத் தேவையான தழைச்சத்தில் பாதிக்கும் மேல், பூப்பதற்கு முன்பே வேர் உறிஞ்சி இலையிலும் தண்டிலும் வைத்திருந்தது. மணி முற்றும்போது இலை பழுப்பதற்குக் காரணம், அந்தத் தழைச்சத்து இலையை விட்டு மணிக்குப் போவதுதான்.

ஆகவே எடை வேண்டுமானால் கண்ணாடி இலை பச்சையாக நீடிக்க வேண்டும். புரதம் வேண்டுமானால் பூப்பதற்கு முன்பே பயிருக்குள் போதுமான தழைச்சத்து சேர்ந்திருக்க வேண்டும். கீழே சொல்லப்படும் எல்லா முறைகளும் இந்த இரண்டையும் காப்பதற்குத்தான்.

மணி சுருங்கினால் இழப்பு எவ்வளவு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் 300 கதிர், கதிருக்கு 35 மணி என்று கொண்டால் 10,500 மணிகள். ஆயிரம் மணியின் எடை 40 கிராம் இருந்தால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,700 கிலோ வரும். அதே கதிர், அதே மணி எண்ணிக்கையில் ஆயிரம் மணி எடை 30 கிராமாகக் குறைந்தால் 1,275 கிலோதான் வரும். சுமார் 425 கிலோ, அதாவது நான்கு குவிண்டாலுக்கு மேல், கதிரில் தெரியாமலேயே போய்விடுகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லியாக வேண்டும். சுருங்கிய மணியைச் சோதனைக்கு அனுப்பினால் புரத சதவீதம் அதிகமாகக் காட்டும். வெப்பமும் வறட்சியும் மாவுச்சத்து சேர்வதை அதிகம் தடுக்கின்றன, புரதம் சேர்வதை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. மாவு குறைந்ததால் புரதத்தின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. மேற்சொன்ன கணக்கில் 1,700 கிலோவில் 11 சதவீதம் என்றால் 187 கிலோ புரதம். 1,275 கிலோவில் 13 சதவீதம் என்றாலும் 166 கிலோதான். சதவீதம் ஏறியும் நிலத்திலிருந்து கிடைத்த புரதம் குறைந்துவிட்டது. திரண்ட மணியில் நல்ல புரதம் இருப்பதே நம் குறிக்கோளாக இருக்க வேண்டும்.

1. பருவத்தில் விதைப்பு

மணி நிரம்பும்போது பகல் வெப்பம் 25 டிகிரி செல்சியசுக்குள் இருந்தால் மிகவும் நல்லது. 30 டிகிரியைத் தாண்டினால் இலை சீக்கிரம் பழுக்கும், மணி நிரம்பும் நாட்கள் குறையும். இரவு வெப்பம் கூடினாலும் பயிர் பகலில் தயாரித்ததை இரவில் சுவாசத்திலேயே செலவழித்துவிடும்.

சமவெளியிலும் மலையடிவாரத்திலும் அக்டோபர் கடைசி வாரம் முதல் நவம்பர் பாதிக்குள் விதைப்பை முடிக்க வேண்டும். அப்போதுதான் பனி இருக்கும் ஜனவரியில் மணி திரளும். டிசம்பர் பாதியில் விதைத்தால் பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் ஏறும் வெயிலில் மணி நிரம்ப வேண்டியிருக்கும். முன்சொன்ன இரண்டாவது வயலில் நடந்தது இதுதான். முன்பயிர் முடியத் தாமதமாகும் என்று தெரிந்தால், அந்த ஆண்டு கோதுமையை விட்டுவிட்டு வேறு பயிருக்குப் போவது நட்டத்தைத் தவிர்க்கும்.

காலம் தவறாமல் விதைத்தவர்களையும் வெப்பம் விட்டுவைப்பதில்லை. 2022 மார்ச் மாதம் இந்தியாவில் வரலாறு காணாத வெப்பம் பதிவானது. பஞ்சாப், அரியானா வயல்களில் மணி சுருங்கியது. அரசுக் கொள்முதலில் சுருங்கிய, உடைந்த மணிகளுக்கான வரம்பை அந்தப் பகுதியில் 6 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகத் தளர்த்த வேண்டியிருந்தது. அதே ஆண்டு மே 13 அன்று கோதுமை ஏற்றுமதியும் நிறுத்தப்பட்டது. மணி நிரம்பும் சில வாரங்களின் வெயில் ஒரு நாட்டின் கையிருப்பையே அசைக்கும் என்பதற்கு இது சான்று.

2. இரகமும் விதையும்

நீலகிரியில் உள்ள வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் 1954 முதல் கோதுமையில் பணியாற்றுகிறது. அங்கு உருவான எச்.டபிள்யூ 1098 என்னும் நீலகிரி கப்லி, சம்பா கோதுமை வகையைச் சேர்ந்தது. எச்.டபிள்யூ 5207 சப்பாத்தி, ரொட்டிக்கு உகந்த சாதாரணக் கோதுமை. விதை கிடைக்கும் நிலவரத்தை உங்கள் பகுதி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும். வட மாநிலத்தில் பயிராகும் நீண்ட வயதுள்ள இரகத்தைக் கடையில் வாங்கி இங்கே விதைக்கக் கூடாது. அது பூப்பதற்குள் வெயில் வந்துவிடும்.

சாதாரணக் கோதுமைக்கு ஏக்கருக்கு 40 கிலோ விதை போதும். வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர் விட்டு, 4 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைக்க வேண்டும். நெருக்கி விதைத்தால் கதிர் எண்ணிக்கை கூடலாம். ஆனால் ஒவ்வொரு கதிருக்கும் வெளிச்சமும் சத்தும் குறைந்து மணி சிறுக்கும், பயிரும் சாயும். சம்பா கோதுமை உமியோடு இருக்கும் என்பதால் விதையளவு மாறும். விதை வழங்குபவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

3. அடியுரமும் மேலுரமும்

கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் இடவேண்டும். மண் பரிசோதனை செய்திருந்தால் அதன்படி உரமிடுவதே சிறந்தது. செய்யாதவர்கள் எக்டருக்கு 80 கிலோ தழைச்சத்து, 40 கிலோ மணிச்சத்து, 40 கிலோ சாம்பல் சத்து என்ற அளவைப் பின்பற்றலாம். ஏக்கருக்கு இது 32, 16, 16 கிலோ ஆகும்.

இந்தத் தழைச்சத்து அதிகமா, குறைவா? கோதுமைப் புரதத்தைத் தழைச்சத்தின் அளவை 5.7 ஆல் பெருக்கிக் கணக்கிடுவார்கள். 11.4 சதவீதப் புரதமுள்ள 1,000 கிலோ கோதுமையில் 20 கிலோ தழைச்சத்து இருக்கிறது. 1,700 கிலோ அறுவடை செய்தால் மணியோடு மட்டும் 34 கிலோ வயலை விட்டுப் போகிறது. வைக்கோலில் போவது தனி. ஆகவே தொழுவுரமும், முன்பயிராகப் பயறு வகையும் இல்லாத வயலில் விளைச்சலும் புரதமும் ஒன்றாகக் கூடாது. விளைச்சல் ஏறி, தழைச்சத்து பற்றாமல் போனால் புரதம் நீர்த்துப்போகும்.

எவ்வளவு இடுகிறோம் என்பதோடு எப்போது இடுகிறோம் என்பதும் முக்கியம். தொடக்கத்தில் இடும் தழைச்சத்து தூர் எண்ணிக்கையையும் விளைச்சலையும் கூட்டும். கதிர் வரும் தறுவாயில் இடுவது விளைச்சலை அதிகம் கூட்டாது, புரதத்தைக் கூட்டும். எனவே கீழ்க்கண்டவாறு பிரித்து இடலாம் (ஏக்கருக்கு):

- விதைக்கும்போது: டி.ஏ.பி. 35 கிலோ, யூரியா 21 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ.
- விதைத்த 18 முதல் 21 நாளில், முதல் முக்கியப் பாசனத்தை ஒட்டி: யூரியா 17 முதல் 18 கிலோ.
- கதிர் பொதி கட்டும்போது, மண்ணில் ஈரம் இருக்கையில்: யூரியா 17 முதல் 18 கிலோ.

மூன்றாவது தவணைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பாசன வசதி உறுதியாக இருக்க வேண்டும், காய்ந்த மண்ணில் போட்ட யூரியா வீண். பயிர் ஏற்கெனவே கரும்பச்சையாகச் செழித்து, உயர்ந்து நின்றால் இடக் கூடாது, சாய்ந்துவிடும். சம்பா கோதுமை உயரமாக வளரக்கூடியது என்பதால் அதில் கூடுதல் கவனம் தேவை. பாசனம் நிச்சயம் இல்லாதவர்கள் மூன்றாவது தவணையையும் இரண்டாவதோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

நீலகிரி போன்ற இடங்களில் உருளைக்கிழங்கு, காரட்டுக்கு நிறைய உரமிட்ட நிலத்தில் கோதுமை விதைப்பவர்கள் மண் பரிசோதனை செய்யாமல் முழு அளவு தழைச்சத்து இடக் கூடாது. மீதமிருக்கும் உரத்திலேயே பயிர் கொழுத்துச் சாயும். அங்கே மண்ணின் புளிப்புத் தன்மையைப் பார்த்துச் சுண்ணாம்பு இடுவதே முதல் வேலை. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கோதுமையில் பெருகாது என்பது அப்பகுதி விவசாயிகளுக்குக் கூடுதல் நன்மை.

4. கந்தகமும் துத்தநாகமும்

மாவைப் பிசைந்தால் இழுபட்டு வருவதற்குக் காரணமான பசைப்புரதத்துக்குக் கந்தகம் அவசியம். கந்தகம் குறைந்த நிலத்தில் தழைச்சத்தை மட்டும் கூட்டினால் புரத அளவு ஏறினாலும் தரம் வராது. டி.ஏ.பி.யையே தொடர்ந்து இட்டு, கந்தகம் தரும் உரம் எதுவும் இடாத நிலங்களில் இந்தக் குறை எளிதில் வரும். இளம் இலைகள் வெளிர்மஞ்சளாக இருந்தால் கந்தகக் குறை என்றும், அடியிலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை என்றும் அடையாளம் காணலாம். ஏக்கருக்கு 50 முதல் 60 கிலோ ஜிப்சம் அடியுரமாக இட்டால் கந்தகத் தேவை பெரும்பாலும் நிறைவேறும். துத்தநாகக் குறையுள்ள மண்ணுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலுடன் கலந்து விதைப்புக்கு முன் இடவேண்டும். அதை டி.ஏ.பி.யுடன் சேர்த்துக் கலக்கக் கூடாது.

5. பாசனம்: கடைசித் தண்ணீரை நிறுத்தும் நேரம்

கோதுமைக்குத் தண்ணீர் தவறக் கூடாத பருவங்கள் ஐந்து: கிரீட வேர் பிடிக்கும் பருவம் (விதைத்த சுமார் 20 நாள்), தூர் கட்டும் பருவம், பொதி கட்டும் பருவம், பூக்கும் பருவம், பால் பிடிக்கும் பருவம். முதல் பருவத்தைத் தவறவிட்டால் தூர் குறையும். கடைசி இரண்டைத் தவறவிட்டால் மணி சுருங்கும்.

பல விவசாயிகள் செய்யும் தவறு, கதிர் வந்துவிட்டது என்று பாசனத்தை நிறுத்திவிடுவது. மணி எடை ஏறுவது அதற்குப் பிறகுதான். மணியை நசுக்கினால் பால் வரும்வரையிலும், பிறகு ஈரமான மாவுபோல் வரும்வரையிலும் வேர்ப் பகுதியில் ஈரம் இருக்க வேண்டும். நகத்தால் அழுத்தினால் தடம் மட்டும் விழுந்து, மாவு வெளிவராத நிலை வந்தால் பாசனத்தை நிறுத்தலாம்.

கதிர் கனத்த பிறகு வயலை நிரப்பிப் பாய்ச்சக் கூடாது. காற்று அடங்கிய மாலையிலோ இரவிலோ மெல்லிய பாசனமாகக் கொடுக்க வேண்டும். வெயில் திடீரென ஏறும் நாட்களில் இப்படிக் கொடுக்கும் தண்ணீர் பயிரின் சூட்டையும் தணிக்கும்.

6. இலைவழித் தெளிப்பு

வெப்பம் ஏறும் அறிகுறி தெரிந்தால், பொதிப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் 2 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் தெளிக்கப் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 4 கிலோ கலக்க வேண்டும். இது வெப்பப் பாதிப்பைக் குறைக்கும், முழுவதும் தடுக்காது.

புரதத்துக்காகத் தெளிப்பதென்றால், பூத்து முடிந்த ஒரு வாரத்துக்குள் 2 சதவீத யூரியாக் கரைசலை (200 லிட்டருக்கு 4 கிலோ) மாலையில் தெளிக்கலாம். 4 கிலோ யூரியாவில் 1.84 கிலோ தழைச்சத்து உண்டு. அது முழுவதும் மணிக்குப் போனாலும் 1,700 கிலோ விளைச்சலில் புரதம் 0.6 சதவீத அளவுதான் கூடும். நடைமுறையில் அதைவிடக் குறையும். அரசுக் கொள்முதலில் புரதத்துக்கென்று தனி விலை கிடையாது. ஆகவே ரவை, ரொட்டித் தயாரிப்பாளர் எவரேனும் தரம் பார்த்துக் கூடுதல் விலை தருவதாக இருந்தால் மட்டும் இந்தச் செலவைச் செய்யவும். பருவத்தில் விதைப்பதும் கடைசிப் பாசனமும் தரும் பலனுக்கு இது ஈடாகாது.

7. கண்ணாடி இலையைக் காத்தல்

மணிக்கு உணவு தயாரிக்கும் இலையைத் துரு நோய் தின்றுவிட்டால் உரமும் தண்ணீரும் பயன் தரா. நம் மலைப் பகுதிக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. வடக்குச் சமவெளியின் கோடை வெயிலில் துருப் பூசணம் பிழைப்பதில்லை, குளிர்ந்த மலைகளில் பிழைத்துக் காற்றில் பரவுகிறது என்று பேராசிரியர் கே.சி. மேத்தா கண்டறிந்தார். தண்டுத் துருவும் இலைத் துருவும் நீலகிரி, பழனி மலைகளிலிருந்து மத்திய இந்தியா வரை போகின்றன. எனவே மலையில் துரு எதிர்ப்புள்ள இரகத்தை மட்டுமே விதைக்க வேண்டும். அது நம் வயலோடு அடுத்த மாநிலத்து வயலையும் காக்கும்.

இலையில் ஆரஞ்சு, மஞ்சள் அல்லது பழுப்புப் பொடி ஒட்டிய கொப்புளங்கள் தென்பட்டால் உடனே புரோபிகோனசோல் 25 ஈ.சி. மருந்தை லிட்டருக்கு 1 மில்லி வீதம் தெளிக்க வேண்டும். கதிரில் அசுவினி கூடினால் சாறு உறிஞ்சி மணியைச் சோடையாக்கும். பொறிவண்டுகள் நிறைய இருந்தால் மருந்தைத் தவிர்க்கலாம். களையை முதல் 35 நாட்களுக்குள் அகற்றிவிட வேண்டும்.

8. அறுவடையும் சோதனையும்

கதிர் வைக்கோல் நிறமாகி, மணி பல்லில் கடித்தால் 'டக்' என்று உடையும்போது அறுக்க வேண்டும். முற்றிய பயிர் மழையில் நனைந்தால் கதிரிலேயே முளைவிடத் தொடங்கி மாவு பிசுபிசுக்கும். சேமிப்புக்கு ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இருக்கும்படி காயவைக்கவும்.

ஆய்வகம் போகாமலே உங்கள் சாகுபடியை நீங்களே மதிப்பிடலாம். நன்கு காய்ந்த மணிகளில் 1,000 எண்ணி எடை போடுங்கள். சென்ற ஆண்டைவிடக் குறைந்தால் விதைப்பு நாளையும் கடைசிப் பாசனத்தையும் நினைத்துப் பாருங்கள். அடுத்து, சாதாரணக் கோதுமை மணி 100 எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே கண்ணாடிபோல் இருந்தால் தழைச்சத்து போதுமான அளவு கிடைத்திருக்கிறது. வெள்ளை மாவுத் திட்டுகள் உள்ள மணிகள் அதிகமாக இருந்தால் பின்பருவத் தழைச்சத்து பற்றவில்லை, அடுத்த ஆண்டு பொதிப் பருவத் தவணையைத் தவறவிடாதீர்கள்.

விதைத்த தேதி, பூத்த தேதி, கடைசித் தண்ணீர் விட்ட தேதி, ஆயிரம் மணி எடை ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டிசம்பரில் விதைத்த அந்த விவசாயியிடமும் இதைத்தான் சொன்னேன். அடுத்த ஆண்டு அவர் நிலக்கடலையைப் பருவத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே விதைத்து, கோதுமைக்கு நவம்பரில் நிலத்தைத் தயார் செய்துவிட்டார்.